வைத்தமாநிதியும் வழியில் நின்ற பெண்பிள்ளையும்

ஸ்ரீ:

இம்மலரில் ஏதேனும் எழுதித் தர வேண்டும் என்று கைங்கர்யபரர்கள் நியமித்தபோது, திருவாராதன க்ரமத்தைப் பற்றியோ வாஹனங்களின் தாத்பர்யத்தைப் பற்றியோ எழுதலாம் என்றுதான் முதலில் எண்ணினேன். ஆனால் சில மாதங்களுக்கு முன் ஸந்நிதி வாசலில் நடந்த ஒரு சிறு விஷயம் நெஞ்சில் முள்ளாக நின்றுவிட்டது. ஆகையால் அதையே விசாரிக்கத் துணிந்தேன்.

சனிக்கிழமை தவறாமல் தகப்பனாரோடு ஸந்நிதிக்கு வரும் பிள்ளை ஒருவன் உண்டு. பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வின் முடிவு வெளியான பிறகு அவன் வரவில்லை. மூன்றாவது சனிக்கிழமை தகப்பனாரிடம் விசாரித்தேன். "மார்க் குறைந்துவிட்டது, ஸ்வாமி. எந்த முகத்தை வைத்துக்கொண்டு பெருமாள் முன்னே நிற்பேன் என்று கேட்கிறான். வீட்டை விட்டே வெளியில் வருவதில்லை" என்றார். பின்னால் சேவார்த்திகள் வரிசை நின்றிருந்தது. அந்த அவசரத்தில் அடியேன், "அடுத்த தடவை நன்றாக எழுதச் சொல்லுங்கள். பெருமாள் கைவிடமாட்டார்" என்று சொல்லித் தீர்த்தம் ஸாதித்து அனுப்பிவிட்டேன்.

சொன்ன வார்த்தையில் குற்றம் ஒன்றும் இல்லை என்று தோன்றலாம். அடியேனுக்கும் அப்போது அப்படித்தான் தோன்றிற்று. அன்றிரவு திருக்கோளூர்ப் பெண்பிள்ளை ரஹஸ்யத்தை எடுத்து அனுஸந்தித்தபோதுதான், தேறிய பிறகு வா என்று அந்தக் குழந்தைக்குச் சொல்லி அனுப்பிவிட்டோமே என்று உறைத்தது.

திருக்கோளூர் என்னும் திவ்யதேசம்

தாமிரபரணிக் கரையில் ஆழ்வார்திருநகரிக்கு அருகில் இருப்பது திருக்கோளூர். நவதிருப்பதிகளுள் ஒன்று. மதுரகவியாழ்வார் அவதரித்த ஸ்தலம். நம்மாழ்வார் திருவாய்மொழியில் ஆறாம் பத்தின் ஏழாம் திருவாய்மொழியால் இத்திருப்பதியை மங்களாசாஸனம் செய்திருக்கிறார். அங்கே சயனத் திருக்கோலத்தில் எழுந்தருளியிருக்கும் எம்பெருமானுக்கு வைத்தமாநிதி என்று திருநாமம். சேமித்து வைக்கப்பட்ட பெருஞ்செல்வம் என்பது அதன் பொருள்.

குபேரன் தன் செல்வத்தை இழந்த காலத்தில், அவனைவிட்டு நீங்கிய நவநிதிகளும் புகலிடம் தேடி இப்பெருமானிடம் வந்து சேர்ந்தன என்று ஸ்தல புராணம் கூறுகிறது. நிதியை அளக்கும் மரக்காலைத் திருமுடிக்கு அணையாக வைத்துக்கொண்டு பெருமான் சயனித்திருக்கிறார். நவதிருப்பதி யாத்திரை போகும் பாகவதர்கள் இதனை ஒரு கணம் நின்று சேவிக்க வேண்டும். அளக்கும் கருவி அவனுடைய திருமுடிக்குக் கீழே இருக்கிறது. நம் கையிலும் இல்லை, நம் அண்டை வீட்டார் கையிலும் இல்லை.

அவ்வூரில் அவதரித்த மதுரகவிகள் அருளிச்செய்தவை 11 பாசுரங்களே. அவருடைய ஆசார்யரான நம்மாழ்வார் திருவாய்மொழியில் மட்டுமே 1102 பாசுரங்கள் அருளியிருக்கிறார். திருமங்கையாழ்வாரின் பாசுரங்களும் ஆயிரத்துக்கு மேற்பட்டவை. எனினும் ஆழ்வார்கள் கோஷ்டியில் மதுரகவிகளுக்கு இடம் குறைவு என்று நம் பெரியோர்கள் ஒருபோதும் நினைத்ததில்லை.

பெண்பிள்ளை ஊரைவிட்டுப் புறப்பட்டது

எம்பெருமானார் என்று நாம் கொண்டாடும் ஸ்ரீராமாநுஜர் (1017-1137) பாண்டிநாட்டுத் திருப்பதிகளைச் சேவித்துக்கொண்டு திருக்கோளூர் எல்லைக்கு எழுந்தருளினார். அப்போது பெண்பிள்ளை ஒருத்தி அவ்வூரைவிட்டு வெளியே வந்துகொண்டிருந்தாள். எம்பெருமானாரைக் கண்டு தண்டன் ஸமர்ப்பித்தாள். எங்கிருந்து வருகிறாய் என்று ஸ்வாமி வினவ, திருக்கோளூரிலிருந்து விடைகொண்டு புறப்பட்டேன் என்றாள். ஸ்வாமி திகைத்தார். தலைமகள் தன் வீட்டையும் தோழியரையும் துறந்து திருக்கோளூருக்கே போயிருப்பாள் என்றல்லவா ஆழ்வார் தாய்ப்பாசுரமாக அருளியிருக்கிறார்? எல்லாரும் புகும் ஊர், உனக்கு மட்டும் புறப்படும் ஊராயிற்றோ என்று கேட்டார்.

அதற்கு அவள் சொன்ன விடையே பெண்பிள்ளை ரஹஸ்யம் என்னும் 81 வார்த்தைகள். அக்ரூரர் செய்ததைச் செய்தேனோ என்று தொடங்குகிறாள். விதுரர் தம் அகத்தைக் கண்ணனுக்கு ஒழித்துக் கொடுத்தது, குகன் ஓடம் விட்டது, சபரி கனிகளை இனியவை என்று வைத்திருந்தது, பெரிய உடையாராகிய ஜடாயு அரக்கனோடு பொருதது, விபீஷணன் கடலைக் கடந்து வந்தது என்று ஒவ்வொன்றாக எடுத்து, இவற்றுள் ஒன்றையேனும் செய்தேனோ என்று கேட்கிறாள். ஒன்றும் செய்யாதவள் இத்திவ்யதேசத்தில் இருந்தால் என்ன, வேறெங்கோ கிடந்தால் என்ன என்பது அவள் கருத்து. வயலிலும் வரப்பிலும் கிடக்கும் முயலின் எச்சத்தைத் தனக்கு உவமையாகச் சொல்லி முடிக்கிறாள்.

அந்த 81 வார்த்தைகளையும் கேட்டு உகந்த எம்பெருமானார், இவளை ஊருக்குள் திருப்பி அழைத்துக்கொண்டு, இவள் திருமாளிகைக்கே எழுந்தருளி, இவள் கையால் ஆன தளிகையை அமுதுசெய்தார் என்பது ஐதிஹ்யம்.

இந்த ஐதிஹ்யத்தை உபந்யாஸகர்கள் சொல்லும்போது, இவ்வளவு இதிஹாஸ புராணங்களையும் ஆசார்ய வைபவங்களையும் அறிந்த அவளுடைய ஞானத்தை மெச்சியே ஸ்வாமி உகந்தார் என்பார்கள். அதுவும் உண்மையே. ஆயினும் அதோடு நின்றுவிட்டால், எண்பத்தொரு பேருடைய செயல்களுக்குப் பின் எண்பத்திரண்டாவது செயலாக அவளுடைய கல்வியைக் கூட்டினதாகவே ஆகும். இவ்வளவு அறியாத ஒரு பேதைப் பெண் மூட்டையைக் கட்டிக்கொண்டு புறப்பட்டிருந்தால், போய்வா என்று எம்பெருமானார் விட்டிருப்பாரோ? திருக்கோட்டியூரில் ஆசைப்பட்டவர்க்கெல்லாம் அர்த்தத்தை அருளிய கருணைக்கு அது பொருந்துமோ? பொருந்தாது என்பதே அடியேனுடைய சிற்றறிவுக்குப் படுகிறது.

அவள் சொன்னவர்களின் செயல்

அவள் அடுக்கிய பெயர்களையே சற்று ஊன்றி நோக்குவோம். ஜடாயு பொருதார். ஆனால் வென்றாரோ? சிறகுகள் அறுபட்டு வீழ்ந்தார். பிராட்டியை மீட்கவும் இல்லை. உலகத்தார் கணக்கில் அது தோல்வி. பெருமாளோ அவரைத் தம் தகப்பனார் ஸ்தானத்தில் வைத்து, தம் திருக்கையாலே சம்ஸ்காரம் செய்து, கோதாவரியில் தீர்த்தமும் விட்டார். சக்ரவர்த்திக்குச் செய்யக் கிடைக்காத கைங்கர்யத்தைப் பெரிய உடையாருக்குச் செய்தார் என்று நம் பெரியோர்கள் உருகுவார்கள்.

சபரி என்ன செய்தாள்? காத்திருந்தாள், கிடைத்த காய் கனிகளை ஸமர்ப்பித்தாள். குகன் ஓடக்காரன், ஓடம் விட்டான். விபீஷணன் கையில் ஒன்றுமில்லாமல் வானத்தில் வந்து நின்றான். இவனை ஏற்கலாகாது என்று சுக்ரீவன் முதலானோர் தடுத்தபோது, குற்றம் இருந்தாலும் நண்பனாய் வந்தவனை விடமாட்டேன் என்றார் பெருமாள்.

இன்னும் ஒருவனையும் அவள் சொல்கிறாள். தயிர்க்காரனான ததிபாண்டன். வெண்ணெய் திருடின கண்ணனைத் தாழியின் கீழே ஒளித்துவைத்து, தேடி வந்த யசோதைப் பிராட்டியிடம் இங்கே இல்லை என்று பொய் சொன்னவன். எனக்கும் என் தாழிக்கும் மோக்ஷம் தந்தாலொழியத் தாழியைத் தூக்கமாட்டேன் என்று வழக்குப் பேசி, இரண்டுக்கும் பெற்றான் என்பர். அந்தத் தாழி என்ன ஸாதித்தது? அது எந்த வேதத்தை ஓதிற்று? கவிழ்ந்திருந்தது, உள்ளே கண்ணன் இருந்தான். அவ்வளவே.

ஆகவே அவள் தன்னைக் கழித்துக்கொள்வதற்காகச் சொன்ன உதாரணங்களே அவளைக் கழிக்க மறுக்கின்றன. அவர்களை எம்பெருமான் உகந்தது செயலின் பெருமையாலன்று. அவர்கள் தன்னுடையவர்கள் என்பதனால்.

யாருடையவன் என்பதே முதல்

திருமந்திரத்தின் முதற்பதமான ப்ரணவத்தில் மூன்று அக்ஷரங்கள். அகாரம் எம்பெருமானைச் சொல்லும். அதில் மறைந்து நிற்கும் நான்காம் வேற்றுமை, அவனுக்கே உரியது என்னும் அர்த்தத்தைச் சொல்லும். உகாரம், மற்றொருவர்க்கும் உரியதன்று என்று விலக்கும். அதற்குப் பிறகே ஜீவாத்மாவைச் சொல்லும் மகாரம் வருகிறது. ஞானமுடையவன் என்பது அங்கேதான் தெரிகிறது. இவன் என்ன அறிந்தவன் என்பதற்கு முன்னே, இவன் யாருடையவன் என்பது சொல்லப்பட்டுவிட்டது. சேஷத்வமே ஆத்மாவுக்கு முதல் அடையாளம் என்று பிள்ளை லோகாசாரியர் முமுக்ஷுப்படியில் இந்த க்ரமத்தைக் கொண்டே நிர்வஹிக்கிறார்.

சேஷத்வம் என்பது நாம் ஸம்பாதித்தது அன்று, ஸ்வரூபம். ஸம்பாதித்த பொருள் தொலையும். ஸ்வரூபம் தொலைவதில்லை. தேர்வில் தேறினவன் சேஷன், தேறாதவன் சேஷனல்லன் என்று சாஸ்த்ரம் எங்கும் சொல்லவில்லை. சொத்து தெருவில் விழுந்துவிட்டால் தேடி அலைகிறவன் உடையவனேயன்றிச் சொத்து அன்று. மண்ணில் புரண்டாலும் பொன்னைப் பொன் அன்று என்று எந்த உடையவனும் எறிந்துவிடுவதில்லை.

ஸ்ரீவிஷ்ணு புராணத்தில் முதல் அம்சத்தின் 22ஆம் அத்தியாயம், எம்பெருமானுடைய ஆயுதங்களும் ஆபரணங்களும் எந்தெந்தத் தத்துவங்களுக்கு அபிமானம் என்று விவரிக்கிறது. அங்கே ஆத்ம தத்துவத்தை அவன் கௌஸ்துப மணியாகத் தரித்திருக்கிறான் என்று சொல்லப்படுகிறது. மூலவருக்குத் திருமஞ்சனமாகித் திருவாபரணம் சாற்றும்போதெல்லாம் இந்த அர்த்தம் நினைவுக்கு வந்து அடியேனுக்குக் கை நடுங்கும். அவன் திருமார்பில் சாற்றிக்கொண்ட ரத்னத்தை, விலையற்றது என்று தள்ள நாம் யார்? வைத்தமாநிதி என்னும் திருநாமம் நமக்கு நிதியான அவனைச் சொல்கிறது. அவனுக்கு நிதி நாம் என்பதையும் சேர்த்து அனுஸந்தித்தால்தான் மனம் நிறைகிறது.

நைச்யம் வேறு, தன்னை இகழ்தல் வேறு

இங்கே ஒரு சந்தேகம் எழலாம். ஆழ்வார்களும் ஆசார்யர்களும் தங்களிடம் ஒரு நன்மையும் இல்லை என்று விண்ணப்பித்துக்கொள்ளவில்லையோ? அந்தப் பெண்பிள்ளை சொன்னதும் அதுதானே?

இரண்டும் கேட்பதற்கு ஒன்றுபோல இருக்கும்; நடையில் வேறுபடும். என் கையில் ஒன்றுமில்லை, ஆகையால் உன்னையே பற்றினேன் என்பது ஆகிஞ்சந்யம். சரணாகதியின் அங்கங்களில் ஒன்றான கார்ப்பண்யம் அதுவே. அது குறையன்று, தகுதி. என் கையில் ஒன்றுமில்லை, ஆகையால் உன் வாசலுக்கு வரமாட்டேன் என்பதோ தன்னை இகழ்வது. முன்னது எம்பெருமானை நோக்கி நடக்கிறது. பின்னது அவனைவிட்டு விலகி நடக்கிறது. பெண்பிள்ளை சொன்ன வார்த்தைகள் அனைத்தும் முதல் வகையைச் சேர்ந்த உயர்ந்த வார்த்தைகள். அவள் கால்கள் மட்டும் இரண்டாவது வழியில் போய்க்கொண்டிருந்தன. எம்பெருமானார் அவள் வார்த்தையைத் திருத்தவில்லை. கால்களை ஊர்ப்பக்கம் திருப்பினார். அவ்வளவே அவருக்கு வேண்டியிருந்தது.

சபையில் இழுத்துவரப்பட்ட த்ரௌபதி நீராடிவிட்டு வந்து சரணம் புகவில்லை என்று ஸ்ரீவசநபூஷணம் எடுத்துக்காட்டுகிறது. எந்த நிலையில் நின்றாளோ அந்த நிலையிலேயே கூப்பிட்டாள். அந்த நிலையிலேயே புடவை சுரந்தது. யோக்யதையைத் தேடிக்கொண்டு பிறகு வரலாம் என்றிருந்தால் அவள் கதி என்னவாகியிருக்கும்?

ஆனால் முயற்சி வேண்டாவோ?

வேண்டும். சேஷனுக்குச் செயல் உண்டு. அதற்குக் கைங்கர்யம் என்று பெயர். பெருமாள் திருவுள்ளம் உகக்கும்படி பூத்தொடுப்பவனும், பிறர்க்கு உதவும்படி கல்வி கற்பவனும், குடும்பத்துக்காக வயலில் உழுபவனும் தத்தம் செயலைச் செவ்வனே செய்ய வேண்டும். சோம்பலுக்கு நம் ஸம்ப்ரதாயத்தில் இடமில்லை. ஆனால் கைங்கர்யம் உறவினால் விளைவது. உறவை விலைக்கு வாங்குவதற்காகச் செய்வது அன்று. வீட்டுப் பிள்ளை கிணற்றில் நீர் இறைக்கிறான், கூலியாளும் இறைக்கிறான். குடம் உடைந்தால் கூலியாளுக்கு அன்றைய கூலி போகும். பிள்ளைக்குத் திட்டு கிடைக்கலாம். இரவு இலை போடாமல் இருப்பார்களோ? கூலியாளின் அச்சத்தோடு பிள்ளை நீர் இறைக்கத் தொடங்கினால் அந்த வீட்டில் ஏதோ பிசகிவிட்டது என்று பொருள். நம் வீடுகளில் இன்று அதுதான் நடக்கிறதோ என்று அடியேனுக்கு அச்சமாக இருக்கிறது. மார்க் குறைந்ததற்காகப் பிள்ளைகள் உயிரையே மாய்த்துக்கொள்ளும் செய்தி ஆண்டுதோறும் நம் காதில் விழுகிறது. அவர்கள் படிப்பில் குறைந்தவர்களாகவே இருந்திருக்கலாம். தங்களை யாருடையவர்கள் என்று சொல்லிக்கொடுப்பதில் குறைந்தவர்கள் நாமல்லவா?

அடியேன் கதை

பிறருக்குச் சொல்லுமுன் தன் கதையையும் சொல்வது முறை. அடியேன் வடமொழிப் பாடசாலையில் வாசித்தவன். வ்யாகரணம் புத்தியில் ஏறவில்லை. சிரோமணிப் பரீக்ஷையை மூன்று தடவை எழுதியும் தேறாமல், ஆகமத்தையும் திருவாராதன க்ரமத்தையும் மட்டும் கற்றுக்கொண்டு கோயில் கைங்கர்யத்துக்கு வந்து சேர்ந்தேன். உடன் வாசித்தவர்களில் சிலர் பெரிய வித்வான்கள் ஆனார்கள். வித்வத் ஸதஸ்ஸுக்காக அவர்கள் நம் ஊருக்கு வரும் நாட்களில், தளிகையைக் கவனிப்பதுபோல அடியேன் மடைப்பள்ளிக்குள் போய் நின்றுகொள்வேன். இப்படி எத்தனையோ வருஷங்கள்.

ஒருநாள் மற்ற அர்ச்சகர்கள் ஒருவரும் இல்லை. தீர்த்தம் ஸாதிக்க அடியேனே வரவேண்டியதாயிற்று. வரிசையில் அந்த ஸஹபாடி. அவர் குனிந்து நின்றார். ஸ்ரீசடாரியை அவர் தலையில் ஸாதித்தேன். அவருக்கு அடுத்தபடி, கோயில் வாசலில் பூக்கட்டி விற்கும் அம்மாள் குனிந்தாள். அதே சடாரி, அதே கை. சடாரி ஒரு தலையில் அதிக நேரம் நிற்கவில்லை; ஒரு தலையைக் கேள்வி கேட்கவும் இல்லை. எம்பெருமானுடைய திருவடி நிலைக்கு நம்மாழ்வாருடைய திருநாமத்தை வைத்து, எல்லார் தலையிலும் ஸாதிக்கும்படி நம் பெரியோர்கள் ஏற்படுத்திய ரஹஸ்யம் அன்றுதான் புரிந்தது. அதை ஸாதிக்கும் கைக்கும் அதே நியாயம்தானே என்று பிறகு நினைத்துக்கொண்டேன். அதன்பின் மடைப்பள்ளிக்குள் ஒளிவதை விட்டேன்.

இவ்வளவு அறிந்திருந்தும் அந்தப் பிள்ளையின் தகப்பனாருக்கு வாய் தவறி வேறு வார்த்தை சொன்னேன் அல்லவா? மறுநாள் உச்சிக்காலம் முடிந்ததும் அவர்கள் வீட்டுக்குப் போனேன். பரீக்ஷையைப் பற்றிப் பேசவில்லை. திருக்கோளூர்ப் பெண்பிள்ளையின் கதையை மட்டும் சொல்லி, "நீ வராததனால் பெருமாளுக்குக் குறை, அப்பா. நாளைக்குப் புறப்பாடு, வந்து சேவி" என்று சொல்லிவிட்டு வந்தேன். மறுநாள் அவன் வரவில்லை. அதற்கடுத்த சனிக்கிழமை கோஷ்டியின் கடைசியில் நின்றிருந்தான். தீர்த்தம் வாங்கிக்கொண்டான். சடாரிக்குத் தலை குனிந்தான். அவன் மறுபடி எழுதினானா, தேறினானா என்று அடியேன் கேட்கவில்லை. கேட்க வேண்டியதும் இல்லை.

பாகவதர்களே! இத்திருவிழாவில் நீங்கள் கொண்டுவந்த பழமும் பூவும் தேங்காயும் பெரிதாயிருக்கலாம், சிறிதாயிருக்கலாம். ஒன்றும் கொண்டுவராமலும் வந்திருக்கலாம். இவ்வருஷம் உங்கள் காரியம் கைகூடியிருக்கலாம், கூடாமலும் போயிருக்கலாம். ஸந்நிதியில் நிற்கும்போது அவற்றைக் கணக்குப் பார்க்க வேண்டா. மரக்கால் அவனிடம் இருக்கிறது. வீட்டுக்குத் திரும்பியதும், முகத்தை மறைத்துக்கொண்டு உள்ளே இருக்கும் குழந்தையோ, வேலை இழந்து திண்ணையில் சாய்ந்திருக்கும் அண்ணாவோ, இனி என்னால் யாருக்கு என்ன ப்ரயோஜனம் என்று சொல்லிக்கொண்டிருக்கும் வயதான தாயாரோ இருந்தால், இந்தப் ப்ரஸாதத்தை அவர்கள் கையில் கொடுத்து, "பெருமாள் உன்னைக் கேட்டார்" என்று சொல்லுங்கள். அது பொய்யாகாது.

எம்பெருமானார் திருவடிகளே சரணம்.

அடியேன் ராமாநுஜ தாஸன்,
ஸந்நிதி அர்ச்சகர்